இதயத்தில் ஒரு பிராஞ்ச் ஆபீஸ்!

1977 மார்ச் 10. ஜவ்வாது மலை மேல் காவலூர். நள்ளிரவு தாண்டி, காலண்டரில் தேதிகூட பதினொன்று ஆகிவிட்டது. மலைக் கிராமங்கள் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. வானாராய்ச்சி நிலையத்தில் ஒரு மீட்டர் டெலஸ்கோப் மட்டும் முழித்துக்கொண்டிருக்கிறது.

யுரேனஸ் கிரகம் அன்றைக்கு ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குக் குறுக்கே வருகிறது. நட்சத்திரத்தின் வெளிச்சம் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று கருவி ஒரு கோடாகப் பதிவு செய்துகொண்டே போகிறது. கோடு சமர்த்தாக ஒரே மட்டத்தில் ஓடுகிறது. கிரகம் பக்கத்தில் வரவே இன்னும் நேரம் இருக்கிறது. திடீரென்று கோட்டில் ஒரு பள்ளம்! சில விநாடிதான். மறுபடி பழைய மட்டம்.

என்ன அது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நட்சத்திரத்தை மறைத்துவிட்டுப் போயிருக்கிறது. காவலூர் விஞ்ஞானிகள் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் 'யுரேனஸுக்கு ஒரு புதுத் துணைக்கோள்' என்று முதலில் எழுதினார்கள். அதே ராத்திரி அமெரிக்கர்கள் விமானத்தில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி அதே நட்சத்திரத்தைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் கோட்டில் கிரகத்துக்கு இந்தப் பக்கமும் பல பள்ளங்கள், அந்தப் பக்கமும் பல பள்ளங்கள். எல்லாத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. துணைக்கோள் இல்லை. வளையங்கள்! சனி கிரகம் மாதிரியே யுரேனஸுக்கும்.

'தலைப்பில் இதயம் என்று போட்டுவிட்டு இந்த ஆள் ஏன் யுரேனஸுக்குப் போகிறான்?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஜி.யும் இதே சமாசாரம்தான். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஒரு கோடுதான் கிடைக்கும். கோடு உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளாமல் என் நண்பன் ஒருவன் பட்ட பாடு இருக்கிறதே...

கேஷியருக்கு வந்த பிளாக்

அவன் என் பி.காம். கிளாஸ்மேட். வேலூரில் ஒரு தனியார் கம்பெனியில் கேஷியர். வயது 33. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் கிரிக்கெட் மட்டும் உண்டு. கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். இவனுடைய ஈ.சி.ஜி. தாளின் தலையில் மெஷினே டைப் அடித்துக் கொடுத்திருந்தது: 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்'. செக்கப் எடுத்த ஆசாமி, "ஒரு டாக்டரைப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

'பிளாக்' என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். ரத்தக் குழாயில் அடைப்பு. அப்புறம் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ், மனைவியின் வளையல் அடகு. இவனுக்கு மனைவி இன்னும் வரவில்லை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிக்கலே அங்கேதான்.

"மாப்ளே, பொண்ணு வீட்ல சொல்லணுமாடா?" என்றான் போனில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"முதல்ல டாக்டரைப் பாரு. அப்புறம் சொல்லலாம்."

திங்கட்கிழமைக்குத்தான் டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். அதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். மாடிப்படி ஏறுவதில்லை. கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டாயிற்று. எல்.ஐ.சி. பாலிஸியை எடுத்து நாமினி பெயரைச் சரிபார்த்தாயிற்று. அரை மணிக்கு ஒருதரம் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, கேஷ் புக் மாதிரி ஒரு நோட்டில் பதிவு வேறு. 'காலை 9.00 - 72. காலை 9.30 - 76. காலை 10.00 (மானேஜர் கூப்பிட்டார்) - 104.'

இவனை இப்படியே விட்டால் திங்கட்கிழமை வரை தாங்காது என்று சனிக்கிழமை ஒரு வாடகைக் கார் பிடித்துக் காவலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் அங்கே பார்வையாளர்களை விடுகிறார்கள். வாணியம்பாடி, ஆலங்காயம், அப்புறம் வளைந்து வளைந்து மலை. மேலே நல்ல காற்று. 1986-ல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பைப் பார்த்தால் மனுஷக் கவலையெல்லாம் சின்னதாகிவிடும் என்று என் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. டோமுக்குப் போகிற ஏற்றத்தில் அவன் நிறைமாதக்காரி மாதிரி நடந்தான். யுரேனஸ் கதையைச் சொன்னேன். "அந்தப் பள்ளம் மாதிரிதான் எனக்கும் இருக்குடா" என்று கண் கலங்கினான்.

முப்பத்து நாலு!

அவன் கம்பெனி வாட்ச்மேன், அறுபதைத் தாண்டிய பெரியவர், காவலூருக்குப் பக்கத்து மலைக் கிராமம்தான். பத்து நாளாக உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தார். வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனோம்.

திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "வாங்க கேஷியர் சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்பாவுக்குப் பித்தம் சார்" என்றான் மகன். "மூணு தடவை மயங்கி விழுந்துட்டாரு. கையும் காலும் வெட்டி இழுத்துச்சு. வலிப்போன்னு கையில சாவி குடுத்தோம். ஒரு நிமிஷத்துல தானா எழுந்துட்டாரு. எலுமிச்சம்பழ ஜூஸ் குடுத்துட்டிருக்கோம்."

நம்ம கேஷியருக்குத்தான் புதுசாக ஒரு பழக்கம் வந்திருந்ததே. எதற்கு என்றே தெரியாமல் பெரியவர் மணிக்கட்டைப் பிடித்தான். வாட்ச்சைப் பார்த்தான். ஒரு நிமிஷம். முகம் மாறியது. மறுபடி ஒரு நிமிஷம்.

"மாப்ளே... முப்பத்து நாலுதாண்டா வருது."

"சரியா எண்ணினியா?"

"நான் நாலு நாளா இதைத்தானேடா பண்றேன்!"

நல்ல ஓட்டப்பந்தய வீரனுக்கு நாடி ஐம்பதுக்குக் கீழே போவது சகஜம். அறுபதைத் தாண்டிய பெரியவர், மூன்று தடவை மயங்கி விழுந்தவர், அவருக்கு முப்பத்து நாலு என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 108-க்கு போன் போட்டோம். ஆம்புலன்ஸ் மலை ஏறி வருகிற நேரத்தில் பாதி தூரம் இறங்கிவிடலாம் என்பதால் ஆலங்காயத்தில் எதிர்கொள்வதாக ஏற்பாடு. பெரியவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி மகன் மடியில் வைத்தோம். பாதி வழியில், ஒரு வளைவில், கண் மேலே செருகிவிட்டது. கேஷியர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "அண்ணே... அண்ணே..." என்று கத்திக்கொண்டே கழுத்தில் விரலை வைத்துத் துடிப்பைத் தேடினான். எனக்கு எத்தனை விநாடி என்று தெரியாது. கார் டிரைவர் அந்த நேரத்தில் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தில் குபீரென்று ரத்தம் ஏறியது. "எங்க இருக்கோம்?" என்றார்.

ஆலங்காயத்தில் ஆம்புலன்ஸ். அன்று சாயங்காலம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்த பத்தாவது நிமிஷம் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்.'

அந்தக் களேபரத்தில் தன் பாக்கெட்டில் இருந்த ஈ.சி.ஜி. தாளைக் கேஷியர் மறந்தே போயிருந்தான். திங்கட்கிழமை டாக்டரிடம் போனபோது, பெரியவருடைய தாளின் நகலையும் சேர்த்து நீட்டினான். டாக்டர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரெண்டுலயும் 'பிளாக்'னு போட்டிருக்கு. ஆனா ரெண்டும் வேற வேற உலகம்" என்றார்.

ஹெட் ஆபீஸும் கிளைகளும்

அவர் சொன்னதை பி.காம். பாஷையில் தருகிறேன்.

இதயத்தில் பிளம்பிங் வேறு, எலெக்ட்ரிக் லைன் வேறு. மாரடைப்பு பிளம்பிங் கோளாறு. இது கரன்ட் கோளாறு. இதயத்தின் வலது மேல் அறையில் 'சைனஸ் நோட்' என்று ஒரு துளியூண்டு திசு. அதுதான் ஹெட் ஆபீஸ். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 ஆர்டர் அனுப்பும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, போனஸ் கேட்பதும் கிடையாது.

ஆர்டர் நேராகக் கீழ் அறைகளுக்குப் போகாது. நடுவில் 'ஏ.வி. நோட்' என்று ஒரு ரீஜனல் மானேஜர். ஃபைலை வாங்கிச் சுமார் பத்தில் ஒரு பங்கு விநாடி மேஜை மேல் வைத்துக்கொள்வார். அரசாங்க ஆபீஸ் தாமதம் மாதிரி இல்லை, இது தேவையான தாமதம். மேல் அறை ரத்தத்தைக் கீழே இறக்கி முடித்த பிறகுதான் கீழ் அறை சுருங்க வேண்டும். அங்கிருந்து 'ஹிஸ் கற்றை' என்று ஒரு மெயின் லைன். அது இரண்டாகப் பிரிந்து வலது பிராஞ்ச், இடது பிராஞ்ச். கடைசியில் பர்கின்ஜி இழைகள் மூலமாக ஒவ்வொரு தசைக்கும் தகவல்.

இந்த வயரிங்கைக் கண்டுபிடித்த கதையே சுவாரஸ்யம். கற்றையை 1893-ல் சொன்னவர் வில்ஹெல்ம் ஹிஸ். ஏ.வி. நோட்டை 1906-ல் ஜெர்மனியில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பான்காரர். ஹெட் ஆபீஸைத்தான் கடைசியில் கண்டுபிடித்தார்கள். 1907-ல் இங்கிலாந்தில் மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் மண்ணைத் தோண்டி வாழும் ஒரு அகழெலியின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அகப்பட்டது. அவரும் ஆர்தர் கீத்தும் சேர்ந்து உலகத்துக்குச் சொன்னார்கள்.

இந்த கரன்டைத் தாளில் கோடாக்கியவர் வில்லெம் ஐந்தோவன் என்ற டச்சு டாக்டர். அவருடைய மெஷின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர். நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1905-லேயே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தன் லேபுக்கு டெலிபோன் கம்பி வழியாக ஈ.சி.ஜி.யை வரவழைத்த கில்லாடி அவர். 1924-ல் நோபல் பரிசு.

வலது வேறு, இடது வேறு

ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது 0.04 விநாடி. கீழ் அறைகள் சுருங்கச் சொல்லும் கரன்ட், நல்ல இதயத்தில் மூன்று சின்னக் கட்டத்துக்குள் வேலையை முடித்துவிடும். ஒரு பிராஞ்சில் லைன் அறுந்தால் மூன்று கட்டம், அதற்கு மேலும் ஆகும். கோடு அகலமாகும், 'எம்' எழுத்து மாதிரி இரண்டு கொம்பு முளைக்கும். கேஷியர் தாளில் இருந்தது அதுதான்.

வலது பிராஞ்ச் லைன் அறுந்தால் என்ன ஆகும்? இடது பிராஞ்சுக்கு ஆர்டர் நேரத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவது போல, தசை வழியாக வலது பக்கத்துக்குத் தகவல் மெதுவாகப் போய்ச் சேரும். விநாடியில் சின்னப் பங்கு தாமதம். அவ்வளவுதான். வேறு கோளாறு இல்லாத ஆரோக்கியமான ஆளுக்கு இதற்கு மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. பலர் இதை வைத்துக்கொண்டே, தெரியாமலே, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் டாக்டர் கோட்டைப் பார்த்தவுடன் 'போய்ட்டு வா' என்று சொல்லவில்லை. கேள்விகள் கேட்டார். என்றைக்காவது மயங்கி விழுந்தது உண்டா? படி ஏறினால் மூச்சு வாங்குமா? உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை. அப்புறம் எக்கோ. பிறவியிலேயே மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தாலும், நுரையீரலால் வலது பக்கத்துக்குச் சுமை கூடினாலும் இதே கோடு வரலாம் என்பதால். எக்கோ நார்மல். "மட்டையைப் பரண்லேர்ந்து எடுங்க" என்றார் டாக்டர்.

இடது பிராஞ்ச் அப்படியில்லை. உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற பெரிய பம்ப் இடது பக்கம்தான். அங்கே லைன் அறுந்தால் பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். வருஷக்கணக்கான ரத்தக் கொதிப்பு, வால்வு கோளாறு, பழைய மாரடைப்பு, பலவீனமான இதயத் தசை. அதனால் இடது என்று வந்தால் எக்கோவும் தொடர் சிகிச்சையும் கட்டாயம். நெஞ்சு வலியோடு புதிதாக இடது பிராஞ்ச் பிளாக் என்றால் அது எமர்ஜென்ஸி.

பெரியவருக்கு இரண்டும் இல்லை. அவருக்கு அறுந்தது பிராஞ்சுக்கு முந்தின மெயின் தொடர்பே. ஹெட் ஆபீஸ் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறது, கீழே ஒன்றுகூட வந்து சேரவில்லை. கீழ் அறை தன் சொந்தப் பொறுப்பில் நிமிஷத்துக்கு முப்பது, நாற்பது என்று துடித்துச் சமாளிக்கும். சமயத்தில் அதுவும் சில விநாடி நின்றுவிடும். மூளைக்கு ரத்தம் போகாது. ஆள் விழுவார். கை கால் வெட்டும். பார்ப்பவர்களுக்கு வலிப்பு மாதிரியே தெரியும். அயர்லாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் 1827-லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-லும் எழுதி வைத்த வியாதி இது. வயதால் வயரிங் இற்றுப் போவதாலும் வரும். சில மாரடைப்புகளிலும் வரும். நாடியைக் குறைக்கிற சில மாத்திரைகள் ஜாஸ்தியானாலும் வரும்.

இதற்கு எலுமிச்சம்பழமும் இரும்புச் சாவியும் உதவாது. பேஸ்மேக்கர் உதவும்.

முதன்முதலில் உடம்புக்குள் அதை வைத்துக்கொண்டவர் ஸ்வீடனின் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8. அப்போது வயது 43. தினமும் இருபது, முப்பது தடவை மயங்கிக்கொண்டிருந்தார். 'ஏதாவது செய்யுங்கள்' என்று டாக்டரையும் இன்ஜினீயரையும் விடாமல் நச்சரித்தவர் அவர் மனைவி. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. மாற்றி வைத்தார்கள். மறுபடி மாற்றினார்கள். மொத்தம் 26 பேஸ்மேக்கர். தனக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கும், கருவி செய்த இன்ஜினீயருக்கும் பிறகும் உயிரோடிருந்து, 2001-ல் 86 வயதில்தான் காலமானார். அதுவும் இதயத்தால் இல்லை, புற்றுநோயால்.

இன்றைக்குப் பேஸ்மேக்கர் தீப்பெட்டி சைஸ். தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். பாட்டரி சுமார் எட்டுப் பத்து வருஷம் ஓடும். செல்போனைச் சட்டைப் பாக்கெட்டில் அதன் மேலேயே வைக்காமல் அரை அடி தள்ளி வைத்தால் போதும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. பெரியவருக்கு அதில்தான் நடந்தது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஒன்றுமில்லாத கோட்டுக்காரனுக்குக் கம்பெனி செலவில் செக்கப் நடந்தது. உயிர் போகிற கோட்டுக்காரருக்கு மூன்று தடவை விழுந்தும் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கத் தோன்றவில்லை. அதே கம்பெனி கேட்டில்தான் அவரும் நின்றார். செக்கப் லிஸ்டில் வாட்ச்மேன் பெயர் இல்லை.

ஆகவே வாசகர்களே, நான்கே விஷயம்:

ரிப்போர்ட்டில் 'பிளாக்' என்று வந்தால் எந்த பிளாக் என்று கேளுங்கள். மெஷின் டைப் அடித்ததை ஒரு டாக்டர் படிக்கட்டும்.

வலது பிராஞ்ச் என்றால் பதறாதீர்கள், ஒருதரம் காட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். இடது என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

காரணமில்லாமல் மயங்கி விழுந்தால், ஈ.சி.ஜி.யில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே டாக்டர்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். நாற்பதைத் தொடாவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேஷியர் கல்யாணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டான். பெண் நர்ஸிங் படித்தவள். "லெஃப்ட்டா, ரைட்டா?" என்று கேட்டாளாம். "ரைட்" என்றிருக்கிறான். "ரைட்னா... போலாம் ரைட்!" என்றாளாம்.

தையில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. முதல் பந்தியில் முதல் இலை வாட்ச்மேன் பெரியவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் கையை நீட்டி, "எண்ணிப் பாருங்க" என்றுகொண்டிருந்தார். எழுபது!